சுங்கை சிப்புட்டில் இருந்தபடியே வானிலைச் செயற்கைக்கோளின் படத்தை நேரடியாகப் பெறுவது எப்படி

வானிலைச் செயற்கைக்கோளை ஏவுவதற்கு ஓர் அரசாங்கம் வேண்டும். அது அனுப்பும் படத்தைப் பெறுவதற்கு ஒரு பள்ளித் திடலும், ஒரு மடிக்கணினியும், ஒரு சிறு வானொலி வாங்கியும், இரண்டு அலுமினியக் கம்பிகளும் போதும். ரஷ்யாவின் வொஸ்தோச்னி ஏவுதளத்திலிருந்து 2023 ஜூன் 27 அன்று மீட்டியோர்-எம் 2-3 என்ற செயற்கைக்கோளும், 2024 பிப்ரவரி 29 அன்று மீட்டியோர்-எம் 2-4 என்ற செயற்கைக்கோளும் சோயூஸ்-2.1பி ராக்கெட்டில் ஏறிச் சென்றன. ஏறத்தாழ 820 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இவை, தாங்கள் பார்ப்பதைப் பார்த்த கணமே கீழே அனுப்பிக்கொண்டே போகின்றன. அந்த ஒலிபரப்புக்குப் பூட்டு கிடையாது, சந்தா கிடையாது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள நம் சுங்கை சிப்புட்டின் தலைக்கு மேல் வரும்போது நாமும் பெற்றுக்கொள்ளலாம்.

கைப்பேசியைத் திறந்தால் மேகப்படம் வந்துவிடும்போது இந்தப் பாடு எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அன்றாட மழைச் செய்திக்கு மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பையே நம்புங்கள். இந்த வழிகாட்டி அதற்கு மாற்று அன்று. ஆனால் பிறர் வெளியிட்ட படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கும், தானே கட்டிய ஆண்டெனாவில் மலாக்கா நீரிணை வரிவரியாக விரிவதைப் பார்க்கும் பிள்ளைக்கும் அறிவியலோடு உண்டாகும் உறவு வேறு. நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது உறவு கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகங்களையும் இளைஞர் மன்றங்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் நோவா-15, நோவா-18, நோவா-19 ஆகியவற்றைப் பற்றியவை. எளிய ஒலி வடிவில் படம் அனுப்பிவந்த அந்த மூன்றும் 2025 ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. அந்த வழிகாட்டிகளைப் பின்பற்றி இரவெல்லாம் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. இன்று தொடக்க நிலையினர் தேட வேண்டியவை மீட்டியோர் செயற்கைக்கோள்களே. இவை எண்மின் (டிஜிட்டல்) வடிவில் அனுப்புவதால் படம் முன்னைவிடத் தெளிவாக இருக்கும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமுள்ளவற்றையும் பிரித்துக் காட்டும்.

அது எப்போது நம் ஊருக்கு மேல் வரும்

ஏவிய ராக்கெட் இந்தச் செயற்கைக்கோள்களை எந்தப் பாதையில் விட்டது என்பது புரிந்தால், காத்திருக்கும் நேரமும் புரிந்துவிடும். இவை கிழக்கு மேற்காகச் சுற்றுபவை அல்ல; துருவத்துக்குத் துருவம் சுற்றுபவை. நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 98 பாகைக்கு மேல் சாய்ந்த பாதையில் சோயூஸின் மேலடுக்கான ஃபிரெகாட் இவற்றைக் கொண்டுபோய் விட்டது. பூமி தன் நடுவில் சற்றே புடைத்திருப்பதால் அந்தப் பாதையின் தளம் நாளொன்றுக்கு ஒரு பாகை அளவுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் அதுவே ஆகையால், செயற்கைக்கோள் ஒவ்வோர் ஊரையும் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தை ஒட்டிக் கடக்கும். படங்களை நாளுக்கு நாள் ஒப்பிட வேண்டும் என்பதற்காகவே சூரியனோடு ஒத்துச் செல்லும் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு சுற்றுக்கு நூறு நிமிடங்களுக்குச் சற்று மேலாகும். அதற்குள் பூமி 25 பாகை உருண்டுவிடும். எனவே அடுத்த சுற்று, நிலநடுக்கோட்டருகே, ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர் மேற்கே தள்ளிப்போய்விடும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குச் சுற்றுகள் நெருங்கி வருவதால் ஒரே நாளில் பல வாய்ப்புகள் உண்டு. நமக்கோ ஒரு செயற்கைக்கோளுக்குப் பகலில் ஒன்று அல்லது இரண்டு நல்ல கடப்புகள் (அது நம் வானத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கடப்பு), இரவிலும் அவ்வளவே. ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் காத்திருக்க வேண்டும் என்பதால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவைப்பது நமக்கு மிக முக்கியம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் லுக்4சாட் என்ற இலவசச் செயலியும், கணினியில் ஜிபிரெடிக்ட் என்ற நிரலும் இதற்கு உதவும். ஊரின் இருப்பிடமாக வடக்கு 4.8 பாகை, கிழக்கு 101.1 பாகை என்று கொடுத்தால் சுங்கை சிப்புட்டுக்குப் போதுமான துல்லியம் கிடைக்கும். அந்தச் செயலியிலோ நிரலிலோ செயற்கைக்கோளின் பாதை விவரங்களை வாரத்துக்கு ஒருமுறையாவது புதுப்பியுங்கள். சில நிரல்கள் உலகப் பொது நேரத்தைக் காட்டும். அதனுடன் 8 மணி நேரத்தைக் கூட்டினால்தான் மலேசிய நேரம்.

அட்டவணையில் கடப்பின் உச்ச உயரம் பாகையில் தரப்பட்டிருக்கும். தொடக்கத்தில் 40 பாகைக்கு மேல் ஏறும் கடப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் எழுந்து நிற்பதால், கிழக்குப் பக்கம் தாழ்வாகச் செல்லும் கடப்புகளில் பாதிப் படம் மலைக்குப் பின்னாலேயே போய்விடும். மேற்கே தைப்பிங் பக்கம் உள்ள பிந்தாங் மலைத்தொடர் அதைவிடத் தாழ்ந்தது என்பதால் அந்தப் பக்கம் தாழ்வான கடப்புகளிலும் ஓரளவு படம் வரும்.

ஆண்டெனா கட்டுதல்

வாங்க வேண்டிய பொருள்களில் விலை கூடியது ஆர்டிஎல்-எஸ்டிஆர் எனப்படும் யூஎஸ்பி வானொலி வாங்கி ஒன்றுதான். தொலைக்காட்சி பார்ப்பதற்காக உண்டான சில்லை அடிப்படையாகக் கொண்ட இந்தச் சிறு கருவி, கட்டைவிரல் நீளமே இருக்கும். இணையச் சந்தையில் இருநூறு ரிங்கிட் அளவில் கிடைக்கும். பெயரையும் உறையையும் மட்டும் போலியாக அச்சிட்ட மலிவுப் பொருள்கள் நிறைய உலவுவதால், தயாரிப்பாளர் தம் தளத்தில் காட்டும் கடையிலிருந்தே வாங்குவது நல்லது. இந்தக் கருவி அலைகளைப் பெறும். எதையும் வெளியே அனுப்பாது.

ஆண்டெனாவை வாங்க வேண்டாம், கட்டுங்கள். பிள்ளைகள் அதிகம் கற்பது இந்த இடத்தில்தான். மீட்டியோர் அனுப்பும் அலைவரிசை 137 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. அதன் அலைநீளம் 2.18 மீட்டர் அளவு. அதில் கால் பங்கு 54.5 செ.மீ. உலோகக் கம்பியில் அலை சற்று மெதுவாகச் செல்வதற்காகச் சிறிது குறைத்து, ஒவ்வொரு கம்பியையும் 53.4 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். நான்கு அல்லது ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியக் கம்பியே போதும். மின் கம்பிகளை இணைக்கப் பயன்படும், உள்ளே பித்தளைத் திருகுள்ள பிளாஸ்டிக் இணைப்புக் கட்டையில் இரு கம்பிகளின் முனைகளையும் செருகி முடுக்குங்கள். முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. மறுபக்கத்தில், வாங்கிக் கருவிக்குப் போகும் கோஆக்சியல் கேபிளின் (தொலைக்காட்சி ஆண்டெனாவுக்குப் பயன்படும் வகைக் கேபிள்) நடுக் கம்பி ஒரு பக்கத்துக்கும், அதைச் சுற்றியுள்ள பின்னல் வலை மறு பக்கத்துக்கும் போக வேண்டும். பின்னல் வலையை முறுக்கிச் செருகும்போது ஒரு மயிரிழை விலகி நடுக் கம்பியைத் தொட்டாலும் ஆண்டெனா ஊமையாகிவிடும். ஆகவே முடுக்கிய பிறகு பல்மானியை (மல்டிமீட்டர்) வைத்து இரண்டுக்கும் இடையே தொடர்பில்லை என்பதைச் சோதித்துவிடுங்கள்.

இரு கம்பிகளையும் ஆங்கில 'வி' எழுத்தைப் போல 120 பாகைக்கு விரித்து, ஒரு மரப்பலகையில் கட்டுக்கம்பியாலோ பிளாஸ்டிக் பட்டையாலோ இறுக்குங்கள். பள்ளிக் கோணமானியில் 120 பாகையைக் குறித்து அட்டையில் வெட்டிவைத்தால் பிள்ளைகளே சரிபார்த்துக்கொள்வார்கள். பலகையைப் பிவிசி குழாய் ஒன்றின் உச்சியில், தரைக்குக் கிடையாக அமருமாறு பொருத்துங்கள். வி-யின் திறந்த வாய் வடக்கையோ தெற்கையோ நோக்க வேண்டும், ஏனெனில் செயற்கைக்கோள் அந்தத் திசைகளிலிருந்தே வரும். கிடையாக வைப்பதற்கும் காரணம் உண்டு: ஊரில் உலவும் வாக்கி-டாக்கி போன்றவற்றின் அலைகள் பெரும்பாலும் செங்குத்தாக அதிர்பவை, கிடையாகக் கிடக்கும் கம்பி அவற்றை மிகக் குறைவாகவே ஏற்கும். செயற்கைக்கோளின் அலையோ சுழன்றுகொண்டே வருவதால், அதில் பாதி எப்படியும் நமக்குக் கிடைத்துவிடும்.

குழாயை எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்று பலர் கவலைப்படுகிறார்கள். ஆளுயரம் போதும். உயரத்தைவிடத் திறந்த வானமே முக்கியம். செம்பனைக் காட்டுக்குள் நின்றால், மழை நனைத்த ஓலைகள் அலையை விழுங்கிவிடும். பள்ளித் திடலின் நடுவோ கோயில் திடலோ பொருத்தமான இடம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கையருகே கிடக்கிறது என்பதற்காகச் செம்பனைக் குலை அறுக்கும் அலுமினியக் கோலை ஆண்டெனாக் கம்பமாக நிறுத்தாதீர்கள். அது மின்கம்பியில் பட்டால் உயிர் போய்விடும். மின்கம்பி செல்லும் பாதைக்கு அருகில் எந்தக் கம்பத்தையும் நிறுத்தாதீர்கள். நம் நாட்டில் இடி மின்னல் மிகுதி. தொலைவில் இடி கேட்டாலே கேபிளைக் கணினியிலிருந்து பிரித்துவிட்டு, பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அழைத்துச் சென்றுவிடுங்கள், எவ்வளவு நல்ல கடப்பாக இருந்தாலும். நாள்தோறும் கூரையில் நிரந்தரமாக விட்டுவைப்பதைக் காட்டிலும், கடப்பு முடிந்ததும் கழற்றி எடுத்துவைப்பதே தொடக்க நிலையினருக்குப் பாதுகாப்பு.

கணினியில் செய்ய வேண்டியவை

சாட்டம்ப் என்ற இலவச நிரல் விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் ஓடும். அலையைப் பெறுவது, பிரித்தறிவது, படமாக்குவது ஆகிய மூன்று வேலைகளையும் அதுவே செய்யும். விண்டோஸில் முதன்முறை மட்டும், வாங்கிக் கருவிக்கு உரிய இயக்கியை (டிரைவர்) ஸாடிக் என்ற நிரல் மூலம் நிறுவ வேண்டியிருக்கும். பிறகு சாட்டம்ப்பில் கருவியைத் தேர்ந்தெடுத்து, மாதிரி வேகத்தை (சாம்பிள் ரேட்) 1.024 மெகா என்ற அளவில் வைத்து, மீட்டியோர் எம்2-எக்ஸ் எல்ஆர்பிடி 72கே என்ற செயல்முறையைத் தேர்ந்தெடுங்கள். அலைவரிசை 137.9 மெகாஹெர்ட்ஸ் அல்லது 137.1 மெகாஹெர்ட்ஸ். செயற்கைக்கோளை இயக்குவோர் அவ்வப்போது இவ்விரண்டுக்கும் இடையே மாற்றுவதுண்டு. ஒன்றில் எதுவும் தெரியாவிட்டால் மற்றொன்றைப் பாருங்கள்.

கடப்பு தொடங்கும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே திரையைத் திறந்து வையுங்கள். முதலில் சமமான இரைச்சல் மட்டுமே ஓடும். செயற்கைக்கோள் அடிவானத்தைக் கடந்து சற்று மேலேறியதும், ஏறத்தாழ 120 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், உச்சி தட்டையான ஒரு மேடு மெல்ல எழும். அதுதான் செயற்கைக்கோளின் அலை. அதற்குப் பக்கத்தில் உள்ள சிறு கட்டத்தில் சிதறிக் கிடக்கும் புள்ளிகள் நான்கு கும்பலாகத் திரளத் தொடங்கும். அவை பிரிந்து நிற்கும்போது 'நோசிங்க்' என்று சிவப்பில் இருந்த குறிப்பு 'சிங்க்ட்' என்று பச்சைக்கு மாறும். அந்தக் கணம் முதல் படம் வரிவரியாக வரும். செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை 3 கிலோஹெர்ட்ஸ் வரை உயர்ந்தும், விலகும்போது அதே அளவு தாழ்ந்தும் காணப்படும். நிரல் அதைத் தானே பின்தொடரும், நீங்கள் தொட வேண்டாம். உயர்ந்த கடப்பு கால் மணி நேரம் வரை நீடிக்கும்.

நிரலில் பெருக்க அளவைக் (கெயின்) கூட்டக் கூட்டப் படம் தெளியும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் ஓர் எல்லைக்கு மேல் கூட்டினால், அருகிலுள்ள எஃப்எம் வானொலியின் வலிமையான அலைகள் கருவியைத் திணறடித்துவிடும். இரைச்சல் தளத்துக்கும் மேட்டின் உச்சிக்கும் இடையேயான தூரம் மிகுதியாகத் தெரியும் அளவில் நிறுத்துங்கள். மேடே தெரியவில்லை என்றால் ஆண்டெனாவைக் குறை சொல்லும் முன், அருகில் எரியும் எல்இடி விளக்கு, மலிவான கைப்பேசி மின்னூட்டி, மடிக்கணினியின் மின்னூட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மடிக்கணினியை மின்கலத்தில் ஓட்டினாலே பல நேரம் இரைச்சல் பாதியாகிவிடுகிறது. குழுவாகச் செய்பவர்கள் அலையை அப்படியே பதிந்தும் வைக்கலாம். 8 பிட் வடிவில் ஒரு முழுக் கடப்புக்கு இரண்டு கிகாபைட் அளவு இடம் பிடிக்கும். பிறகு வகுப்பறையில் மீண்டும் ஓட்டிப் படமாக்கிக் காட்டலாம்.

படத்தைப் படித்தல்

படம் தலைகீழாக வந்தால் பதற வேண்டாம். செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்கே சென்றிருக்கிறது, அவ்வளவுதான். திருப்பிக்கொள்ளுங்கள். நிரலிலேயே நாட்டு எல்லைக் கோடுகளைப் போட்டுக்காட்டும் வசதி உண்டு என்றாலும், முதலில் கோடில்லாத படத்தில் பிள்ளைகளே ஊரைத் தேடட்டும். சுமத்ராவின் தோபா ஏரி, நடுவில் தீவோடு கரிய கண்ணைப் போலத் தெரியும். அதைப் பிடித்துவிட்டால் நீரிணையைத் தாண்டி வடகிழக்கே பினாங்குத் தீவு, அதற்குக் கிழக்கே பேராக் மலைகளுக்கு நடுவே தெமெங்கோர் ஏரி என்று நகர்ந்து நம் இடத்துக்கு வந்துவிடலாம். ஒரே காட்சி பல அலைப்பட்டைகளில் தனித்தனிப் படங்களாக வரும். நீரையும் நிலத்தையும் பிரித்துக் காண அகச்சிவப்புக்கு அண்மையிலுள்ள இரண்டாம் அலைப்பட்டையே சிறந்தது: அதில் நீர் கறுப்பாகவும், இலை அடர்ந்த தோட்டங்களும் காடும் வெளிச்சமாகவும் இருக்கும்.

காலைப் படத்தில், மலைகளுக்கு இடையே பள்ளத்தாக்கின் வடிவிலேயே வெண்மை படிந்திருந்தால் அது மூடுபனி அல்லது தாழ்மேகம். பிளஸ் ஆற்றின் ஓரத்தில் விடியற்காலையில் நாம் பார்க்கும் பனிதான் அது. அதே இடத்தை வெப்ப அலைப்பட்டையில் பார்த்தால் வெண்மை மறைந்திருக்கும், ஏனென்றால் அந்தப் பட்டை காட்டுவது வெப்பத்தை; தாழ்ந்த பனியும் தரையும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருப்பவை. மாறாக, வெப்பப் பட்டையிலும் பளீரென்று தெரிவது மிக உயர்ந்து மிகக் குளிர்ந்த மேகம், அதாவது இடிமழை மேகம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகள் புரிந்துகொண்டால் மேகப்படத்தில் பாதி புரிந்துவிட்டது. இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

பால்மரத் தோட்டங்களில் இருப்போருக்கு விடிகாலை மழைதான் பெரிய கவலை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் ஓடாமல் மரத்தில் வழிந்துவிடும். மங்கில் (பால் ஏந்தும் கிண்ணத்தில்) சேர்ந்ததும் மழைநீரில் கரைந்துவிடும். தென்மேற்குப் பருவத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் இரவில் மலாக்கா நீரிணைமேல் கோடாகத் திரண்டு, விடியும் முன்போ விடிந்த கையோடோ மேற்குக் கரையில் காற்றும் மழையுமாக ஏறும் மேக வரிசைக்குச் 'சுமத்ரா' என்றே பெயர். இரவுக் கடப்பின் வெப்பப் படத்தில் நீரிணைக்கு நெடுக ஒரு பளபளப்பான வளைகோடு தெரிந்தால் அதைச் சந்தேகிக்கலாம். கரையில் வேகமாக வீசும் அது உள்நாட்டுக்கு வரும்போது பெரும்பாலும் வலுவிழந்துவிடும். அதனால் ஒரு படத்தை மட்டும் வைத்துப் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாதீர்கள். அரை நாளுக்கு ஒருமுறை வரும் படம் மேகம் எங்கே இருந்தது என்று சொல்லும்; எங்கே போகிறது என்பதைச் சொல்லாது.

ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிய பருவ இடைவெளியில், காலைப் படத்தில் துடைத்தாற்போல் இருக்கும் தீபகற்பம், பிற்பகலில் மலைத்தொடரை ஒட்டிச் சோளப்பொரி போல வெடித்த மேகங்களால் நிறைந்திருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் சுமத்ராவில் நெருப்பு மூண்டால் நீரிணைமேல் மங்கலான சாம்பல் நிறத் திரை தெரியும். கண்ணில் படுவது மேகமா புகையா என்பதற்கு அடையாளம், மேகத்துக்கு விளிம்பு இருக்கும், புகைக்கு இருக்காது. பெற்ற ஒவ்வொரு படத்தோடும் நாள், நேரம், அப்போது ஊரில் வானம் எப்படி இருந்தது என்ற மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

அடுத்த படி

பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வேண்டும் என்போர் நிலைத்து நிற்கும் செயற்கைக்கோளுக்குப் போக வேண்டும். 2018 டிசம்பரில் ஏவப்பட்ட தென்கொரியாவின் ஜிகே-2ஏ, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 128.2 பாகையில் நிற்கிறது. அங்கே சுற்றும் காலமும் பூமி உருளும் காலமும் ஒன்றே என்பதால் அது நமக்கு அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்தால் நேர்கிழக்குக்குச் சற்றே தெற்காக, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 58 பாகை உயரத்தில். ஆக, மலைத்தொடர் தடையாகாது. அதன் ஒலிபரப்பு 1692.14 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அதற்கு ஒரு மீட்டர் அளவிலான கம்பிவலைத் தட்டும், அந்த அலைவரிசைக்கென்றே செய்த வடிகட்டியுடன் கூடிய சிறு பெருக்கியும் தேவை. படங்கள் பூட்டப்பட்டு வருவதால் கொரிய வானிலைத் துறை வெளியிட்டுள்ள திறவுகோலை நிரலில் சேர்க்க வேண்டும்.

கூரையில் சும்மா கிடக்கும் பழைய ஆஸ்ட்ரோ (செயற்கைக்கோள் தொலைக்காட்சி) தட்டைப் பயன்படுத்தலாமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதன் முனையில் உள்ள வாங்கி முற்றிலும் வேறான, பல மடங்கு உயர்ந்த அலைவரிசைக்கு உரியது. அதைக் கழற்றிவிட்டு 1692 மெகாஹெர்ட்ஸுக்கான முனையைப் பொருத்தினாலும், அறுபது செ.மீ. அளவுள்ள தட்டு இதற்குச் சிறியது. தட்டின் விட்டத்தை அளந்து பாருங்கள்; ஒரு மீட்டரை எட்டும் தட்டு எங்கேனும் கிடைத்தால் மட்டும் முனையை மாற்றி முயலுங்கள், இல்லையேல் கம்பிவலைத் தட்டையே வாங்கிவிடுங்கள்.